லேபல் மாறிய பாத்தி

அன்புள்ள ............

செய்வேன் என்றுதான் முதலில் தோன்றியது. யோசிக்காமல் வந்த பதில். உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். பால் பொங்கி வழிந்தது, இறக்கவில்லை. பேராதனையில் நீ போத்தல் கழுவும் ஆய்வுகூடத்தில், நகக்கண் அளவு இலைத் துண்டிலிருந்து ஒரு முழுச் செடியை எழுப்பிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வெளிநாட்டில் தவளையையும் அப்படிச் செய்துவிட்டார்களாம். ஒருநாள் மனிதரையும் செய்யலாம் என்று உங்கள் ஆய்வுகூடத்துப் பெரிய ஐயா தேநீர் குடிக்கும்போது சொன்னாராம். “செத்துப்போன ஒருத்தர அவங்க ஒடம்போட சின்னத் துண்டுல இருந்து திரும்பவும் உண்டாக்க முடியும்னா, நீங்க செய்வீங்களாம்மா?” என்று பேசுவது போலவே எழுதியிருந்தாய். உனக்கு அது விளையாட்டுக் கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. இந்தியாவுக்குப் படிக்கப் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழை அனுப்புங்கள். அதில் நான் பங்குனியில் பிறந்ததாகப் பார்த்த ஞாபகம், நீங்கள் ஐப்பசியில் அல்லவா பிறந்தநாள் பாயாசம் வைக்கிறீர்கள், தோட்டத்துக் கிளாக்கர் ஐயா விட்ட பிழையா?

கிளாக்கர் பிழை இல்லை. உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல மூன்று நாளாக முயற்சி செய்கிறேன்.

நீங்கள் போத்தலில் செய்வதை நாங்கள் மண்ணில் செய்தோம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் புதிய நர்சரி போட்டார்கள். மலையிலிருந்த பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீ.பி. தேயிலை வைக்கத் தொடங்கிய காலம். அதற்கு விதை வேண்டாம். நன்றாகக் கொழுந்து தரும் ஒரு தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்து, கவ்வாத்து வெட்டாமல் வளரவிட்டு, கிளையை வெட்டி எடுப்போம். ஒரு இலை, அதன் கீழே ஒரு விரற்கடை தண்டு. அவ்வளவுதான் ஒரு செடி. மண் நிரப்பிய பொலித்தீன் பைக்குள் குத்தி, மேலே பன்னத்தழையால் பந்தல் போட்டு, தண்ணீர் தெளித்துக் காத்திருந்தால் அந்தத் தாயே மறுபடி முளைத்து வரும். ஒரு தாயிலிருந்து ஆயிரம். எல்லாம் ஒரே நாளில் துளிர்க்கும், ஒரே பச்சை. நான் ஹட்டனில் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் லேபல் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எந்தப் பாத்தி எந்தத் தாயின் பிள்ளைகள் என்று தகரத் துண்டில் எண் எழுதிக் குத்த வேண்டும். பத்தொன்பது வருடம் அதைச் செய்தேன்.

உன்னைப் பக்கத்தில் சாக்கில் படுக்கவைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். உனக்கு நினைவிருக்காது. நர்சரிக் கங்காணிக்கு வாய் நீளம். “ஏ புள்ள, எலைய மண்ணுல சாய்க்காத. அது தூங்க வரல, வேலைக்கு வந்திருக்கு” என்பார். பெண்கள் சும்மா இருப்பார்களா? எனக்கு எதிரே உட்கார்ந்து வெட்டுகிற ராக்கு ஒருநாள் கேட்டாள்: “இம்புட்டுப் புள்ளைங்களுக்கும் அப்பன் யாருங்க கங்காணி?” அவர் முறைத்தார். அவளே பதிலும் சொன்னாள்: “நம்ம ஒன்னு அப்படிப் பெத்தா லயத்த விட்டுத் தொரத்துவாங்க. இதுக்குப் பாருடி, தொரை பந்தல் போட்டுத் தண்ணி தெளிக்கிறாரு.” கங்காணி திரும்பி நின்று சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்த வித்தையை வெறுப்பவள் இல்லை. புது மலையில் கொழுந்து பறிக்கப் போனவர்களுக்குக் கூடை சீக்கிரம் நிறைந்தது. பழைய மலையில் நாளெல்லாம் நின்றும் அரைப் பேர், அரை நாள் கூலிதான் விழுந்தது என்று அழுத கிழவிகள் முழுப் பேரோடு வீட்டுக்குப் போனார்கள். மாவுக்கும் அரிசிக்கும் நாடே தவித்த வருடத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுப்பு எரிந்தது என்றால் அதில் அந்தத் தகரத் துண்டுகளுக்கும் பங்கு உண்டு. வறட்சி வந்தபோது வேறொன்றையும் பார்த்தேன். விதையில் பிறந்த செடிக்கு ஆணிவேர் உண்டு, வெட்டி வைத்ததற்கு இல்லை. மேட்டில் வைத்த வீ.பி. முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கருகியது. பக்கத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பழைய செடிகள், நெட்டையும் குட்டையுமாக, சில காய்ந்து சில பச்சையாக நின்றன. கருகியது செடியின் குற்றம் இல்லை. ஒரே முகத்தை மலை முழுவதும் வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்.

இனி உன் சங்கதி.

உனக்கு ஒரு அண்ணன் இருந்தான். ராஜேந்திரன் அவனுடைய பெயர். ராசு என்று கூப்பிடுவோம். நாங்கள் அப்போது கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அவன் பங்குனியில் பிறந்தான். அடுத்த வருடம் ஆடி மழையில், பதினாறு மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாலத்தடியில் உன் அப்பா நின்றார். பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பினார். அன்று மாலையே ஆற்றுக்கு மேலே சவுக்கு மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். அப்போது நீ என் வயிற்றில் ஆறு மாதம்.

மரணத்தைப் பதிய வேண்டும். மண்சரிவில் பாதை மூடிக் கிடந்தது, கிளாக்கர் லீவில் இருந்தார். அப்பா நாளைக்குப் போகிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். ஐப்பசியில் நீ பிறந்தாய். உன் பிறப்பைப் பதியப் போனபோதுதான் கிளாக்கரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சமயம், எந்த நாட்டுக்காரர்களாகவும் இல்லாமல் கிடந்த எங்களின் பிரஜாவுரிமை மனு போயிருந்தது. அதில் மூன்று பெயர்கள்: அப்பா, நான், ராஜேந்திரன். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கிளாக்கர் கெட்டவர் இல்லை. எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: “எழுதுன பேர இப்ப அடிச்சா ஃபைல் திரும்பி வந்துரும்யா. பெறகு எந்தக் காலத்துல கூப்புடுவானோ. ஒனக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருக்குல்ல? ஒரு பேரு இருக்குல்ல? பெறகென்ன?”

அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரும் தடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று. ஃபைலுக்காகத் தலையாட்டினேன் என்று இருபது வருடமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ராஜேந்திரன் சாகவில்லை என்று ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விசாரணையில் அதிகாரி தலை நிமிரவில்லை. “புள்ள?” என்றார் மொழிபெயர்த்தவர். “இருக்குங்க” என்று உன்னைக் காட்டினேன். பேனா ஒரு கோடு போட்டது. அத்தோடு நீ உன் அண்ணன் ஆனாய். இரண்டு மாதத்தில் அக்கரப்பத்தனைக்குக் குடிவந்தோம். நர்சரி வேலைக்கு என்று எல்லோரிடமும் சொன்னோம். எங்களைத் தெரியாத லயம் ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது.

காகிதத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது. உனக்கு எட்டு மாதம். ராசு பால்மா டின் மூடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரிப்பான். அந்த மூடியை எடுத்து வைத்திருந்தேன். உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் திருப்பிப் பார்த்தாய், விளிம்பை வாயில் வைத்தாய், பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டாய். மறுபடி கொடுத்தேன். மறுபடி வைத்தாய். உன் கையைப் பிடித்துத் தரையில் தட்டினேன். நீ அழுதாய். உன் முதுகில் ஒன்று வைத்தேன். எட்டு மாதக் குழந்தையை, அவன் வேறொரு குழந்தையாக இருந்ததற்காக அடித்தேன். அப்பா மூடியை வாங்கிக் கொண்டுபோய் எங்கேயோ வீசிவிட்டார். அதன் பிறகு உன்னை ராஜேந்திரன் என்று வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. தம்பி என்றோம். அதைச் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தாய்.

பிறகு பள்ளிக்கூடம். காகிதத்தின்படி உனக்கு ஐந்து வயது முடிந்து பத்து மாதம். நிஜத்தில் நான்கும் மூன்று மாதமும். பெரியசார் உன்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, இதுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சா? மூக்குச் சிந்தக்கூடத் தெரியலயே.” நான் சொன்னேன்: “முடிஞ்சிருச்சுங்க சார். சத்துப் பத்தாத புள்ள.” நீ என் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாய். அந்த வகுப்பில் உன்னைவிட ஒன்றரை வயது மூத்த பிள்ளைகளோடு நீ ஓட வேண்டியிருந்தது. மக்கு என்றார்கள். இரண்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்காரவைத்தார்கள். ஒருநாள் அடி வாங்கி விரல் கணுக்கள் வீங்கி வந்தாய். “நான் மக்காம்மா?” என்று கேட்டாய். நான் உன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே, “கவனமாப் படிச்சா வந்துரும்” என்றேன். நீ மக்கு இல்லை, சின்னவன். எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் உன் கை அவ்வளவு நாள் வீங்கியிருக்காது. ஃபைல், பெயர், பயம் என்று மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு எழுதப் போனாய்.

உன் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். நீ படித்து, ஒருநாள் அந்தப் போத்தல்களுக்குச் சொந்தக்காரனாக ஆகலாம். தீயில் வெந்தவனுக்குத் தோல் வளர்க்க முடியுமா? செய். காய்ச்சலில் போகிற பிள்ளைக்கு மருந்து அதிலிருந்து வருமா? இரண்டு கையாலும் செய். நோயில்லாத தேயிலை, பஞ்சத்தைத் தாங்கும் கிழங்கு, எல்லாம் செய். துண்டு வெட்டி நடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடம் வெட்டியவள் சொல்கிறேன். ஒரே தாயின் துண்டுகளில் ஒன்றை ஓடைக்கரையிலும் ஒன்றை மேட்டிலும் வைத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தேன். இலையின் தடிப்பு வேறு, பாசி படிந்த பக்கம் வேறு, பூச்சி கடித்த இடம் வேறு. அவை ஒன்றாக இருக்கவே இல்லை. எண் மட்டும்தான் ஒன்று. மனிதரில் அப்படி ஒரு பிள்ளையை உண்டாக்கினாலும் அது தன் பாட்டுக்கு வேறு பிள்ளையாகத்தான் வளரும். கேடு அதன் உடம்பில் இருக்காது. அதன் எதிரில் உட்கார்ந்து, டின் மூடியைக் கையில் கொடுத்து, தட்டு என்று காத்திருப்பவளிடம் இருக்கும்.

என்னைப் போன்றவர்கள் உன்னிடம் வருவார்கள். ஒரு துணித்துண்டு, ஒரு கொத்து முடி, எதையாவது மடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதே. உட்காரச் சொல். தேத்தண்ணி ஊற்றிக் கொடு. அந்தப் பிள்ளை எப்படிச் சிரித்தது, எதைத் தட்டியது என்று கேள். முழுவதையும் கேள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அப்பாகூட. ஒருவர் கேட்டிருந்தால் ராசுவை நான் அழுது முடித்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் கேட்ட பிறகு, முடியாது என்று சொல். அவளுக்காக மட்டும் இல்லை. வரப்போகிறவனுக்காகவும். அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நர்சரியில் ஒருமுறை நான் லேபலை மாற்றிக் குத்திவிட்டேன். கங்காணி கண்டுபிடித்தபோது நாற்றுகளுக்கு எட்டு மாதம். முழுப் பாத்தியையும் பிடுங்கச் சொன்னார். “வேர் விட்டிருச்சுங்களே கங்காணி. நல்லாத்தானே இருக்கு” என்றேன். “நல்லாத்தான் இருக்கு. யாருன்னு தெரியலயே. தெரியாதத எப்படி மலையில வைக்கிறது?” என்றார். வெள்ளை வெள்ளையாக வேர். பையைக் கிழித்துக் கொட்டினோம். ஒன்றை மட்டும் மடியில் மறைத்து எடுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் கான் வாய்க்காலோரம் வைத்தேன். உனக்கு அந்த மரத்தைத் தெரியும். யாரும் கவ்வாத்து வெட்டாததால் கூரைக்கு மேலே போய்விட்டது. நீ அதில் ஏறி உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தாய். வருடா வருடம் வெள்ளையாகப் பூக்கிறது. எந்தத் தாயின் பிள்ளை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது முடிவு உன் கையில். இரண்டு வழிகளையும் சொல்கிறேன். ராஜேந்திரன் என்ற பெயரிலும் பங்குனித் திகதியிலும் பாஸ்போர்ட் எடுத்தால் உடனே கிடைக்கும். உன் படிப்புக்குத் தடை வராது. அவனுக்கு அதில் கோபம் இருக்காது. கையிலிருக்கும் பிஸ்கட்டை யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிற பிள்ளை. ஆனால் எந்த வயதிலும் நீ உன் வயதாக இருக்க மாட்டாய். அல்லது நான் வந்து சத்தியக் கடதாசி கொடுத்து, அவன் மரணத்தையும் உன் பிறப்பையும் பதிய வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும். இந்த வருட இடம் கைவிட்டுப் போகலாம். என்ன செய்தீர்கள் என்று அதிகாரிகள் என்னைக் கேட்பார்கள். கேட்கட்டும். எது நல்லது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எழுத மாட்டேன். முதல் முறை உன்னைக் கேட்காமல் செய்தேன்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். நீ இரண்டாவது வழியைக் கேட்டால், நீ ஐப்பசியில் பிறந்ததற்கு என் வாயைத் தவிர என்ன சாட்சி இருக்கிறது என்று யோசித்தேன். இன்று வெள்ளென முதல் பஸ்ஸில் கொத்மலைக்குப் போனேன். அந்தச் சவுக்கு மரங்கள் இல்லை. அந்தச் சரிவும் இல்லை. நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ராசு இருந்தான் என்பதற்கு இந்த நாட்டில் மிஞ்சியிருப்பது உன் சான்றிதழ் ஒன்றுதான். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டியதில்லை. அது என் பாரம்.

உன் பிரசவம் பார்த்த மருதாயி அக்காவை மேல் லயத்தில் கண்டுபிடித்தேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“நாலாம் நம்பர் லயத்துக்காரி தானே? இருவது வருசமா ஆளக் காணோம். செத்துட்டன்னு நெனச்சேன்.”

“நீங்க செத்துருவீங்களோன்னுதாங்க்கா ஓடியாந்தேன்.”

“வாயி மட்டும் அப்படியே இருக்கு. அதுக்காக வெறுங்கைய வீசிக்கிட்டா வருவ?”

விசயத்தைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டார். “மறக்குமா? ஐப்பசி அடமழ. விடிய, வேலைக்கு ஆளக் கூப்புடுற பெரட்டுக்குத் தப்படிக்கிற நேரம் பொறந்தான். வெளிய வந்ததும் நீ கேட்ட மொதக் கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“இல்லக்கா.”

“‘ராசு மாதிரி இருக்கானா’ன்னு கேட்ட. ‘மொதல்ல ஆளப் பாருடி’ன்னு நீட்டுனேன். நீ பாக்கல. சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்த. நான்தான் பாத்தேன். இந்தாப் பெரிய கண்ணு. சத்தமே போடாம என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு, நான் யாருன்னு விசாரிக்கிற மாதிரி.”

நீ ஐப்பசியில் பிறந்தாய் என்று நான் எழுதிக் கொண்டுபோன தாளில் அவர் பெருவிரலை வைத்தார். மை காயும்வரை தாளை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை இதற்குள் வைத்திருக்கிறேன். சான்றிதழும் இருக்கிறது. இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

இந்தக் கடைசி வரிகளை ஹட்டன் தபால் கந்தோர் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உறையின் மேல் ராஜேந்திரன் என்று போட்டிருக்கிறேன், பதிவுத் தபாலை அந்தப் பெயருக்குத்தான் உன்னிடம் கொடுப்பார்கள். உனக்கென்று நான் நினைத்து வைத்த பெயர் எதுவும் இல்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தின் தலையில், அன்புள்ள என்று எழுதி அடுத்ததாகப் பெயர் எழுதும் இடத்தை விட்டிருக்கிறேன். பதில் போடும்போது கீழே நீ போடுகிற பெயரை அடுத்த கடிதத்தில் அந்த இடத்தில் எழுதுகிறேன்.

இனி உறையை ஒட்டி, பதிந்து, ரசீதுத் துண்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்.